கேம் யோசனை கையில் இருக்கிறதா? பப்ளிஷரிடம் போவதற்கும் கேம் துறையில் வேலை தேடுவதற்கும் ஒரு வழிகாட்டி

வீடியோ கேம் ஒன்றுக்கான யோசனை உங்களிடம் இருக்கிறது. அதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது, சொன்னால் திருடிவிட மாட்டார்களா, எவ்வளவு பணம் கேட்கலாம், பேசாமல் ஏதாவது ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்துவிடலாமா என்றெல்லாம் குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வழியில் நான் நெடுநாள் அலைந்தேன். எந்த ஆவணத்தை எந்தக் கட்டத்தில் கேட்பார்கள், எதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யோசனையை யாரும் விலைகொடுத்து வாங்குவதில்லை. அதைச் செய்துமுடிக்கத் தெரிந்த குழுவுக்கும், அந்தக் குழு செய்துகாட்டிய ஒரு துண்டுக்கும்தான் பணம் கிடைக்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

1. யோசனையைப் பூட்டி வைக்காதீர்கள்

புதிதாக வருகிறவர்களின் முதல் பயம் திருட்டு. சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 9-ஆவது பிரிவு, பதிப்புரிமை என்பது வெளிப்பாட்டுக்குத்தான், கருத்துக்கோ செயல்முறைக்கோ கிடையாது என்று தெளிவாகவே சொல்கிறது. நீங்கள் எழுதிய நிரல், வரைந்த படம், அமைத்த இசை, எழுதிய வசனம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. "நேரத்தைப் பின்னோக்கி ஓட்டிப் புதிர்களை அவிழ்க்கும் கேம்" என்ற எண்ணத்துக்குக் கிடையாது. ஆகவே யோசனையைப் பாதுகாக்க ஒரே வழி, அதை வெளிப்பாடாக மாற்றுவது.

இதோடு சேர்ந்த மூன்று பொறிகள்:

பெரிய கேம் நிறுவனங்களுக்கு யோசனையை எழுதி அனுப்பாதீர்கள். கேட்காமல் வரும் யோசனைகளை அவற்றில் பல படிப்பதே இல்லை. அப்படியொரு கொள்கையை வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றன. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. உங்கள் கடிதத்தைப் போன்ற ஒரு கேம் ஏற்கெனவே உள்ளே உருவாகிக்கொண்டிருந்தால் நாளை வழக்கு வரும்.

"உங்கள் யோசனையைப் பதிவுசெய்து முன்னணி நிறுவனங்களிடம் சேர்க்கிறோம்" என்று கட்டணம் கேட்பவர்களிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். கேம் துறையில் அப்படியொரு வழியே இல்லை.

முதல் மின்னஞ்சலிலேயே ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்காதீர்கள். நாள்தோறும் குவியும் விண்ணப்பங்களுக்கெல்லாம் ஒரு பப்ளிஷர், அதாவது கேமுக்குப் பணம் போட்டு வெளியிடும் நிறுவனம், கையொப்பமிட முடியாது. கேட்ட மாத்திரத்தில் உங்கள் கடிதம் ஓரமாக வைக்கப்படும். பேச்சு முற்றி, அவர்களுடைய எண்களையும் உங்களுடைய நிரலையும் பகிர்ந்துகொள்ளும் கட்டத்தில் அவர்களே அந்தத் தாளை எடுப்பார்கள்.

பெயரை மட்டும் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் தேடுங்கள், உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போ நடத்தும் வணிகமுத்திரைத் தரவுத்தளத்திலும் தேடுங்கள். அது இலவசம்தான். ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. டிரெய்லர் வெளியான பிறகு பெயரை மாற்றுவதென்றால் லோகோ, கடைப்பக்கம், சமூக வலைக் கணக்குகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

2. எந்த வழி என்று முடிவெடுங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன: சொந்தமாக வெளியிடுவது, பப்ளிஷர் பணத்தில் செய்வது, ஸ்டூடியோவில் வேலை செய்வது. முதலாவதற்குச் சேமிப்பு வேண்டும். இரண்டாவதற்கு ஏறத்தாழ அரைகுறையாகவாவது ஓடும் ஒரு கேமும், பதிலுக்காகக் காத்திருக்க மாதக்கணக்கில் கையிருப்பும் வேண்டும். மூன்றாவதற்குப் போர்ட்ஃபோலியோ, அதாவது செய்துமுடித்த வேலைகளின் தொகுப்பு வேண்டும்.

இதுவரை ஒரு கேமையும் செய்து முடித்ததில்லை என்றால், உங்கள் கனவு கேமை இப்போது தொடாதீர்கள் என்பேன். சிறியதாக ஒன்றை முடித்து வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் விளையாடக்கூடியதாக இருந்தாலும் போதும். முடித்தவர், முடிக்காதவர் என்ற வித்தியாசத்தைத்தான் பப்ளிஷரும் பார்க்கிறார், ஆள் எடுப்பவரும் பார்க்கிறார். லூடம் டேர், ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் குளோபல் கேம் ஜாம் போன்ற கேம் ஜாம்கள் இதற்கு நல்ல இடம். இரண்டு மூன்று நாளில் ஒன்றைச் செய்து முடித்தே ஆக வேண்டும் என்ற கெடு அங்கே இருக்கிறது. உடன் வேலை செய்ய ஆள் கிடைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

3. விளையாடக்கூடிய முன்மாதிரி ஒன்றைச் செய்யுங்கள்

எந்த எஞ்சினில் (கேமை உருவாக்கும் அடிப்படை மென்பொருளில்) செய்வது என்று வாரக்கணக்கில் வாதாட வேண்டாம். கோடோட் எஞ்சின் எம்ஐடி என்ற திறந்தமூல உரிமத்தில் வருகிறது. கட்டணமும் இல்லை, வருமானத்தில் பங்கும் இல்லை. யூனிட்டியின் பெர்சனல் பதிப்பு, கடந்த 12 மாதங்களில் நீங்கள் ஈட்டிய வருமானமும் திரட்டிய நிதியும் 2 லட்சம் டாலரைத் தாண்டாதவரை இலவசம். பப்ளிஷர் கொடுக்கும் முன்பணமும் அந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அன்ரியல் எஞ்சினில் ஒரு கேமின் மொத்த வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகு, தாண்டிய தொகையில் 5 சதவீதம் உரிமத்தொகை கட்ட வேண்டும். இந்த விதிகள் மாறக்கூடியவை. 2023 செப்டம்பரில் யூனிட்டி ஒரு புதிய கட்டணத்தை அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2024 செப்டம்பரில் கைவிட்டது. நீங்கள் தொடங்கும் நாளில் இருக்கும் உரிம விதிகளைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள்.

முன்மாதிரியில் அழகு தேவையில்லை. சாம்பல் நிறப் பெட்டிகள் போதும். உங்கள் கேமில் ஆட்டக்காரர் திரும்பத் திரும்பச் செய்யப்போகும் அந்த ஒரு செயல், அது குதிப்பதோ வெட்டுவதோ அடுக்குவதோ எதுவானாலும், கைக்கு இதமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அது இதமாக இல்லையென்றால் கதையும் ஓவியமும் காப்பாற்றாது.

பிறகு உங்களுக்கு அறிமுகமில்லாத ஒருவரை உட்காரவைத்து விளையாடச் சொல்லுங்கள். நண்பர்கள் புகழ்வார்கள், அவர்கள் வேண்டாம். நீங்கள் பின்னால் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். "அந்தக் கதவைத் திறக்கலாம்" என்று சொல்ல நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அவர் கதவுக்கு முன்னால் நிற்பார், மவுஸை இடமும் வலமுமாக ஆட்டுவார், சுவரில் ஒருமுறை மோதிப் பார்ப்பார், கடைசியில் திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்த நிமிடத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தவரும் அதே கதவில் நின்றால் குறை கதவில்தான் இருக்கிறது. கேள்விப்பட்டியல் கொடுத்து "பிடித்ததா?" என்று கேட்பதைவிட இது பல மடங்கு உபயோகமானது.

பப்ளிஷரிடம் போவதாக இருந்தால் முன்மாதிரிக்கு அடுத்து வெர்டிகல் ஸ்லைஸ் எனப்படும் துண்டு ஒன்று தேவைப்படும். கேமின் பத்துப் பதினைந்து நிமிடப் பகுதியை ஓவியம், ஒலி, மெனு எல்லாம் சேர்த்து இறுதித் தரத்தில் செய்து காட்டுவது இது. இந்தத் துண்டைச் செய்ய எவ்வளவு நாள் பிடித்தது என்று எழுதி வையுங்கள். பட்ஜெட் போடும்போது கையில் இருக்கப்போகும் உண்மையான அளவுகோல் அது ஒன்றுதான்.

4. உரிமைத் தாள்களைச் சேர்த்து வையுங்கள்

இந்தப் படியை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் வாரத்தில்தான் இதன் விலை தெரியும்.

பப்ளிஷரின் வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "இந்தக் கேமில் உள்ள அனைத்துக்கும் நீங்கள்தான் உரிமையாளர் என்று எப்படிக் காட்டுவீர்கள்?" நண்பர் ஒருவர் அன்புக்காக இசையமைத்துக் கொடுத்திருப்பார். ஒரு ஓவியருக்குப் பணம் கொடுத்திருப்பீர்கள், ஒப்பந்தம் எழுதியிருக்க மாட்டீர்கள். பல நாடுகளில், எழுத்து மூலம் உரிமையை மாற்றித் தராதவரை, சுயதொழில் கலைஞர் செய்த படைப்பின் பதிப்புரிமை அவரிடமே இருக்கும். பணம் கொடுத்த ரசீது மட்டும் போதாது. அந்த ஓவியர் இன்று எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் ஒரு ஒப்பந்தம் முடங்கி நிற்பதைப் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே ஒரு கோப்புறையில் இவற்றைச் சேர்த்து வாருங்கள்:

- கேமுக்கு ஏதாவது செய்துகொடுத்த ஒவ்வொருவரும் கையொப்பமிட்ட உரிமை மாற்றத் தாள். ஒரு பக்கம் போதும்; வேலை தொடங்கும் முன்பே வாங்க வேண்டும்.
- எழுத்துரு, ஒலி, வாங்கிய முப்பரிமாண மாதிரிகள் ஆகியவற்றின் உரிமங்கள், வாங்கிய தேதியோடு. இலவச எழுத்துருக்களில் பல வணிகப் பயன்பாட்டுக்கு இலவசமல்ல.
- பயன்படுத்திய திறந்தமூல நூலகங்களின் பட்டியல். ஜிபிஎல் உரிமத்தில் (சேர்த்துக்கொண்ட நிரலையும் திறந்து தரச் சொல்லக்கூடிய உரிமம்) உள்ளவை இருந்தால் தனியாகக் குறியுங்கள்.
- செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படமோ ஒலியோ இருந்தால் அதன் விவரம். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடை இதை வெளிப்படுத்தச் சொல்லிக் கேட்கிறது, பப்ளிஷர்களும் கேட்கிறார்கள்.
- குழுவினர் இடையிலான பங்கு ஒப்பந்தம். யாருக்கு எத்தனை பங்கு, பாதியில் விலகினால் என்ன ஆகும் என்பது இதில் இருக்க வேண்டும். பங்கு முழுவதையும் முதல் நாளே கொடுக்காமல், வேலை செய்த காலத்துக்கு ஏற்பப் படிப்படியாகச் சேரும்படி எழுதுங்கள்.

5. பட்ஜெட்டை ஆள்–மாதக் கணக்கில் போடுங்கள்

எவ்வளவு பணம் வேண்டும் என்று பப்ளிஷர் கேட்கும்போது ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்தக் கூடாது. அந்த எண் எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு:

நான்கு பேர், 12 மாதம். மொத்தம் 48 ஆள்–மாதம். ஓர் ஆள்–மாதத்துக்கு வரி, அலுவலகச் செலவு எல்லாம் சேர்த்து 2,500 டாலர் என்று வைத்துக்கொண்டால் 1,20,000 டாலர். இசை, மொழிபெயர்ப்பு, கருவிகள், மென்பொருள், வழக்கறிஞர் ஆகியவற்றுக்கு 20,000. கூட்டினால் 1,40,000. இதன் மேல் எதிர்பாராச் செலவுக்கு 15 சதவீதம், அதாவது 21,000. ஆக 1,61,000 டாலர்.

எதிர்பாராச் செலவு என்ற வரியை எடுத்துவிட்டால் தொகை சிறியதாகத் தெரியும், அவர்கள் சீக்கிரம் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். அனுபவமுள்ளவர் முதலில் தேடுவதே அந்த வரியைத்தான். அது இல்லையென்றால், இவர்கள் இதுவரை ஒரு கேமையும் முடித்ததில்லை என்று முடிவு கட்டிவிடுவார். உங்கள் சம்பளத்தைப் பூஜ்யம் என்று போடுவதும் அதே போலத்தான்: எட்டாம் மாதம் வாடகைக்காக வேறு வேலைக்குப் போய்விடுவீர்கள் என்று அதற்குப் பொருள்.

அட்டவணையில் கடைசி இரண்டு மூன்று மாதங்களைப் பிழைதிருத்தத்துக்கும் கன்சோல் நிறுவனங்களின் தரச் சான்றிதழுக்கும் ஒதுக்குங்கள். அந்தச் சான்றிதழ்ச் சோதனையில் முதல்முறை தேறாமல் திரும்ப அனுப்புவது சாதாரணம்.

6. பிட்ச் டெக்: பத்துப் பன்னிரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம்

பிட்ச் டெக் என்பது கேமைப் பப்ளிஷருக்கு விளக்கும் சிறு ஸ்லைடு தொகுப்பு. முதல் பக்கத்தில் பெயர், ஒரே வாக்கியத்தில் கேம், நகரும் படம் ஒன்று. அந்த வாக்கியத்தில் ஆட்டக்காரர் என்ன செய்கிறார் என்பது இருக்க வேண்டும். "இருளும் ஒளியும் மோதும் ஒரு தொன்ம உலகில் நடக்கும் உணர்ச்சிமிகு பயணம்" என்பதை வைத்துக்கொண்டு எவராலும் எதுவும் செய்ய முடியாது. "விளக்கை அணைத்தால் மட்டும் சுவர்கள் நகரும் மாளிகையில், காவலர்கள் கண்ணில் படாமல் வழியை மாற்றி அமைக்கும் புதிர் கேம்" என்றால் படிப்பவரின் மனதில் உடனே கேம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

அடுத்து வர வேண்டியவை: விளையாட்டு முறை (படங்களோடு), எதில் வெளியாகும் (கணினியா, கைபேசியா, கன்சோலா), யார் விளையாடுவார்கள், இதை ஒத்த கேம்கள், குழுவில் யார் யார், அவர்கள் இதற்கு முன் செய்தவை, அட்டவணை, பட்ஜெட், உங்களுக்கு என்ன வேண்டும். இந்தக் கடைசியை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பணமா, விளம்பரமா, கன்சோலுக்கு மாற்றித் தரும் உதவியா, எது வேண்டும் என்று நேராகக் கேளுங்கள்.

ஒத்த கேம்களில், உலகமே அறிந்த மாபெரும் வெற்றிகளை மட்டும் போட வேண்டாம். உங்கள் அளவிலான குழு, உங்கள் வகையில், கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வெளியிட்டவற்றைப் போடுங்கள். நன்றாக விற்காத ஒன்றையும் சேர்த்து, அதிலிருந்து உங்கள் கேம் எங்கே வேறுபடுகிறது என்று சொன்னால் உங்கள் மேல் நம்பிக்கை கூடும்.

உலகக் கதையைப் பதினைந்து பக்கம் எழுதி இணைக்காதீர்கள். அதை எழுதுவதில் இருக்கும் இன்பம் எனக்கும் தெரியும். படிப்பவர் அதைத் தேடி வரவில்லை.

7. யாருக்கு, எப்போது, எப்படி அனுப்புவது

ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதால் பயனில்லை. ஒவ்வொரு பப்ளிஷரும் கடைசியாக வெளியிட்ட ஐந்தாறு கேம்களைப் பாருங்கள். உங்கள் வகைக் கேம் ஒன்றுகூட இல்லையென்றால் அவரை விட்டுவிடுங்கள். அவர் வெளியிட்ட கேமைச் செய்த குழு ஒன்றுக்கு எழுதி, பணம் ஒழுங்காக வந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலானோர் பதில் எழுதுவார்கள்.

பல பப்ளிஷர்கள் தங்கள் இணையதளத்தில் விண்ணப்பப் படிவம் வைத்திருக்கிறார்கள். மின்னஞ்சல் என்றால் ஐந்தாறு வரி: கேமின் ஒற்றை வாக்கியம், நகரும் படம், டெக்கின் இணைப்பு, விளையாடும் பதிப்பின் இணைப்பு, கேட்கும் தொகை. இணைப்புகள் அனுமதி கேட்காமல் திறக்க வேண்டும். அனுப்பும் முன் வேறொரு கணினியில், உங்கள் கணக்கில் நுழையாமல் திறந்து பாருங்கள். "அணுகல் கோரவும்" என்று வந்தால் பலர் அத்தோடு மூடிவிடுவார்கள்.

ஆண்டின் பெரிய சந்திப்புகள் இரண்டு: மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடக்கும் ஜிடிசி என்ற கேம் உருவாக்குநர் மாநாடு, ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் கேம்ஸ்காம் என்ற கேம் கண்காட்சி. அந்த வாரங்களிலும் அவற்றுக்கு அடுத்த வாரத்திலும் அனுப்பும் கடிதம் குவியலின் அடியில் போய்விடும். நேரில் போவதற்கு வசதி இருந்தால் ஆறேழு வாரம் முன்பே சந்திப்பு நேரம் கேட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் பயணச் செலவைக் கேமில் போடுங்கள். காணொளிச் சந்திப்பிலேயே ஒப்பந்தங்கள் முடிகின்றன.

பதில் வர வாரங்கள் ஆகும். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். பெரும்பாலான பதில்கள் மறுப்பாகவே இருக்கும். பலரிடமிருந்து பதிலே வராது. முதல் கடிதத்திலிருந்து முதல் தவணைப் பணம் வரை ஆறு மாதத்துக்கும் மேல் ஓடலாம் என்று கணக்கிட்டு, அதுவரை தாக்குப்பிடிக்கப் பணம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். உங்களிடமே பணம் கேட்கும் பப்ளிஷர் பப்ளிஷரே அல்ல.

8. ஒப்பந்தத்தில் கண்ணை மூடாதீர்கள்

இங்கே நிதானம் வேண்டும். கேம் ஒப்பந்தங்கள் தெரிந்த வழக்கறிஞர் ஒருவருக்குப் பணம் கொடுங்கள். பட்ஜெட்டில் அதற்கான வரியை முன்பே வைத்திருக்கிறீர்கள்.

வருமானப் பங்கு 50–50 என்று பார்த்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. பப்ளிஷர் போட்ட பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது எந்த இடத்தில் என்பதுதான் உங்கள் வருமானத்தை முடிவு செய்கிறது. முன்பு போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். முன்பணம் 1,61,000 டாலர். விளம்பரத்துக்குப் பப்ளிஷர் 29,000 செலவழித்தார். மொத்தம் 1,90,000. வரியும் பணத்தைத் திரும்பப் பெற்றவர்களின் தொகையும் போக, கேம் 3,00,000 டாலருக்கு விற்றது. கடை 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் மீதி 2,10,000.

முதல் வகை: மொத்த வரவிலிருந்து பப்ளிஷர் தன் 1,90,000-ஐ எடுத்துக்கொள்கிறார். மீதி 20,000. பாதி உங்களுக்கு: 10,000 டாலர்.

இரண்டாம் வகை: வரவை முதலில் பாதியாகப் பிரிக்கிறார்கள். உங்கள் பங்கு 1,05,000. பப்ளிஷர் போட்ட பணம் முழுவதும் உங்கள் பங்கிலிருந்து மட்டும் கழிகிறது. உங்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. கழிய வேண்டியது இன்னும் 85,000 இருக்கிறது. பப்ளிஷரோ தன் பங்கான 1,05,000-ஐ ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

இரண்டு ஒப்பந்தங்களிலும் 50–50 என்றுதான் எழுதியிருக்கும். வித்தியாசம் வேறொரு பத்தியில், ஒரு துணைப்பிரிவில் இருக்கும். ஒரு எக்செல் தாளில் மூன்று விற்பனை அளவுகளைப் போட்டு, ஒப்பந்தத்தின் வாசகப்படியே கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு அந்தத் தாளைப் பப்ளிஷருக்கு அனுப்பி, "இது சரியா?" என்று எழுத்தில் உறுதிபெறுங்கள்.

பார்க்க வேண்டிய மற்றவை:

- கேமின் அறிவுசார் சொத்துரிமை யாருக்கு? முழுச் செலவையும் ஏற்காத பப்ளிஷருக்கு அதைக் கொடுக்க வேண்டாம். அடுத்த பாகத்தில் முதலில் பேசும் உரிமை கேட்டால் கொடுக்கலாம். அதற்கு ஒரு காலக்கெடு இருக்கட்டும்.
- விளம்பரச் செலவுக்கு உச்சவரம்பு. வரம்பில்லையென்றால் கழிக்க வேண்டிய தொகை வளர்ந்துகொண்டே போகும்.
- மைல்ஸ்டோனை (தவணைப் பணம் பெற முடித்துக் காட்ட வேண்டிய வேலைக் கட்டத்தை) அவர்கள் எத்தனை நாளில் சரிபார்க்க வேண்டும்? அத்தனை நாளில் பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். இது இல்லாமல், சம்பளம் கொடுக்க வேண்டிய மாதத்தில் பணம் நின்றுபோகும்.
- பப்ளிஷர் பாதியில் விலகினால் உரிமை உங்களுக்குத் திரும்புமா, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா?
- மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனை அறிக்கை, கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்யும் உரிமை.

பேச்சுவார்த்தையில் திருத்தம் கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். முதல் வரைவு என்பது பேசுவதற்காகவே எழுதப்படுவது. "இன்றே கையொப்பமிட வேண்டும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம்தான் அஞ்ச வேண்டும்.

9. சொந்தமாக வெளியிடுகிறீர்கள் என்றால்: கட்டணங்களும் நாள்களும்

ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம். அந்தக் கேம் 1,000 டாலர் வருமானத்தை எட்டிய பிறகு அது திரும்பக் கிடைக்கும். கட்டணம் செலுத்திய நாளிலிருந்து 30 நாள் கழியாமல் முதல் கேமை வெளியிட முடியாது. "விரைவில்" என்ற கடைப்பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது பொதுவில் இருக்க வேண்டும். பக்கத்தையும் கேமையும் ஸ்டீம் ஆட்கள் தனித்தனியே சரிபார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் சில வேலைநாள்கள் ஒதுக்குங்கள். இதெல்லாம் குறைந்தபட்சம். உண்மையில் கடைப்பக்கத்தை வெளியீட்டுக்குப் பல மாதம் முன்பே திறந்துவிட வேண்டும். விருப்பப்பட்டியலில் சேர்த்தவர்களுக்கு வெளியீட்டு நாளில் மின்னஞ்சல் போகிறது. அந்தப் பட்டியல் வளர அவகாசம் வேண்டும்.

பதிவில் பலர் சிக்கும் இடம் பெயர்தான். வரிப் படிவத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் ஓரிடத்திலும் பின்னால் ஓரிடத்திலும் இருந்தால் சரிபார்ப்பு நின்றுவிடும். தொடங்கும் முன் அடையாள ஆவணம், வங்கி, வரி எண் மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எடுத்துவைத்துப் பாருங்கள். நிறுவனம் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால் அதை முடித்துவிட்டுக் கணக்கைத் திறங்கள்.

வரவிருக்கும் கேம்களின் டெமோக்களைக் காட்டும் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற இணைய விழா ஆண்டில் மூன்றுமுறை, பிப்ரவரி, ஜூன், அக்டோபரில் நடக்கிறது. ஒரு கேம் ஒரேயொரு முறைதான் கலந்துகொள்ள முடியும். டெமோ மெருகேறாத நிலையில் அந்த ஒரே வாய்ப்பைச் செலவழிக்காதீர்கள். வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஃபெஸ்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும் என்பதால், கேமின் முதல் இரண்டு மணி நேரம் மந்தமாக இருக்கவே கூடாது.

கைபேசி என்றால் கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர்கள், குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ச்சியாக மூடிய சோதனை நடத்திய பிறகே வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். இது தெரியாமல் வெளியீட்டுத் தேதியை அறிவித்துவிட்டுத் தவிப்பவர்கள் அதிகம். கூகுள் பிளேயில் வயது மதிப்பீட்டுக்கு, பல நாடுகளின் மதிப்பீட்டு அமைப்புகள் சேர்ந்து நடத்தும் ஐஏஆர்சியின் கேள்வித்தாளைக் கடையின் உள்ளேயே கட்டணமின்றி நிரப்பலாம்.

கடைப்பக்கம் திறந்த சில நாளில் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். "பெரிய யூடியூப் சேனல் நடத்துகிறேன், இலவசக் குறியீடு ஐந்து அனுப்புங்கள்" என்பார்கள். கேமைப் பணம் கொடுக்காமல் பெற உதவும் குறியீடுகள் அவை. அந்தச் சேனலிலேயே உள்ள மின்னஞ்சல் முகவரியோடு ஒப்பிடாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். அப்படிப் போகும் குறியீடுகள் மறுவிற்பனைக்குப் போய்விடும்.

10. வேலைக்குப் போவதாக இருந்தால்

"எனக்கு யோசனைகள் நிறைய இருக்கின்றன, வடிவமைப்பாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற விண்ணப்பம் எடுபடாது. ஸ்டூடியோவில் எல்லோரிடமும் யோசனை இருக்கிறது. ஒரு நிலையை அமைப்பது, எதிரிகளின் பலத்தை விரிதாளில் சமன்செய்வது, மற்றவர்கள் செய்யக்கூடிய அளவுக்கு ஒரு விதியைத் தெளிவாக எழுதுவது ஆகியவைதான் வடிவமைப்பாளரின் அன்றாடம். அவற்றைக் காட்டுங்கள். வடிவமைப்பாளர் பணியிடங்கள் குறைவு என்பதால் நிரலாக்கம், முப்பரிமாண ஓவியம், அனிமேஷன், ஒலி, சோதனை ஆகியவற்றில் ஒன்றில் கை தேர்ந்திருந்தால் கதவு சற்றுச் சுலபமாகத் திறக்கும். சோதனையாளராக நுழைந்தவர்கள் பலர் பின்னர் வடிவமைப்புக்கும் தயாரிப்பு நிர்வாகத்துக்கும் போயிருக்கிறார்கள்.

போர்ட்ஃபோலியோவில் முடித்த சிறிய வேலைகள் இரண்டு மூன்று போதும். சிறந்ததை முதலில் வையுங்கள். குழுவாகச் செய்ததில் நீங்கள் செய்தது எது என்று ஒரு வரி எழுதுங்கள். அது இல்லாத பக்கத்தை நம்ப மாட்டார்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள், எதை முயன்று கைவிட்டீர்கள் என்று எழுதியிருந்தால் நேர்காணலில் பேச்சு அங்கேயே தொடங்கும். பயிற்சிக்கு, ஜிடிசி மாநாட்டு உரைகளின் இணையக் காப்பகமான ஜிடிசி வால்ட்டில் பல உரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பல ஸ்டூடியோக்கள் தேர்வுப் பணி ஒன்று கொடுக்கும். எத்தனை மணி நேர வேலை, ஊதியம் உண்டா, செய்ததை அவர்கள் பயன்படுத்துவார்களா என்று முன்பே கேளுங்கள். சம்பளமின்றி ஒரு வாரத்தை விழுங்கும் பணியை மரியாதையாக மறுக்கலாம். பதிவுக் கட்டணம், மடிக்கணினிக்கான முன்வைப்பு என்று பணம் கேட்டால் அது மோசடி.

2023, 2024 ஆண்டுகளில் இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆகவே நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள்: இப்போது செய்யும் கேமுக்கு எதுவரை நிதி இருக்கிறது, வெளியீட்டுக்கு முன் வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை நடக்கிறது, கூடுதல் நேரத்துக்கு ஊதியம் உண்டா, பாதியில் விலகினாலும் கேமின் பெயர்ப்பட்டியலில் என் பெயர் வருமா?

பணி ஒப்பந்தம் கையில் வந்ததும் ஒரு பிரிவைத் தேடுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். சிலவற்றில் அது இரவில், சொந்தக் கணினியில் செய்ததையும் உள்ளடக்கும் அளவுக்கு அகலமாக எழுதப்பட்டிருக்கும். முதலாம் படியிலிருந்து நீங்கள் காத்துவந்த கேம் அந்த ஒரே வரியில் கைமாறிவிடலாம். ஏற்கெனவே செய்துவைத்திருக்கும் கேம்கள், முன்மாதிரிகள் ஆகியவற்றின் பெயர், தொடங்கிய தேதி, இரண்டு வரி விளக்கம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இவை என்னுடையவை என்று ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஓய்வு நேரத்தில் அவற்றைத் தொடர அனுமதியையும் எழுத்தில் கேளுங்கள். இணைப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்புக் கையொப்பமும் இருக்க வேண்டும். அதன் நகல் ஒன்று, வேலையில் சேரும் நாளுக்கு முன்பே, உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும்.